நகச்சொத்தைக்கு மாத்திரையா, பூச்சா, கைவைத்தியமா? எங்கள் வீட்டுக் கால்களை வைத்து ஓர் ஒப்பீடு

நம் ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். முகத்தில் பரு வந்தால் கொஞ்சம் பவுடர் போட்டுச் சமாளிக்கலாம், கால் நகத்தில் வந்ததை எங்கே மறைப்பது? என் வலது கால் கட்டைவிரல் நகத்தின் நுனி மஞ்சளாகி, அடியில் மாவு மாதிரி ஏதோ சேர ஆரம்பித்தபோது, நான் செய்த முதல் காரியம் அடர் மெரூன் நிறத்தில் நெயில் பாலிஷ் வாங்கியதுதான். ஏறத்தாழ இரண்டு வருடம் அப்படியே ஓட்டினேன். கொலு பார்க்கப் போன வீடுகளில் புடவைக் கரையை இழுத்துக் காலை மூடிக்கொண்டு உட்காருவேன். பாலிஷுக்கு அடியில் அந்த மஞ்சள் நுனியிலிருந்து உள்ளே ஏறிக்கொண்டே இருந்தது.

கடைசியில் தோல் மருத்துவரிடம் காட்டுவது என்று முடிவு செய்த வாரம், வீட்டில் மற்றவர்களின் கால்களையும் கவனித்துப் பார்த்தேன். அம்மாவுக்கு இரண்டு கட்டைவிரலும் சேர்த்து ஐந்து நகம் தடித்துப் போயிருந்தது. கணவருக்கு ஒரு நகம் கருமை கலந்து தூக்கிக்கொண்டு நின்றது. ஊரில் இருக்கும் பெரியம்மாவுக்கு 82 வயது, பத்தில் ஏழெட்டு நகம் ஆட்டுக்கொம்பு மாதிரி. ஒரே நோய், ஒரே மருந்து வாங்கினால் போதும் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். நாலு பேருக்கும் நாலு விதமான முடிவில் வந்து நின்றோம். 'எந்த மருந்து நல்லது' என்று கேட்டுக்கொண்டு மருந்துக்கடைக்குப் போகிற எல்லோருக்காகவும்தான் இதை எழுதுகிறேன். அந்தக் கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டியவை மூன்று: இது பூஞ்சைதானா, நகத்தில் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது, அந்த ஆள் வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்.

முதல் கேள்வியைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறோம். பார்க்கச் சொத்தையாக இருக்கும் நகங்களில் ஏறக்குறைய பாதிதான் பூஞ்சையால் வருவது. மீதியில் சொரியாசிஸ் உண்டு, வேறு தோல் நோய்கள் உண்டு, பழைய அடி உண்டு, இறுக்கமான ஷூ உண்டு, வயதும் உண்டு. கண்ணால் பார்த்து மட்டும் அனுபவசாலி மருத்துவர்கூட அடித்துச் சொல்ல முடியாது. நகத்தின் அடியிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். பூஞ்சை இருந்தால் நூல் நூலாகத் தெரியும். எளிய பரிசோதனைதான், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் வழக்கமாகச் செய்வது. எனக்குச் சுரண்டிய அந்தப் பெண் நுனியில் உதிர்ந்துகொண்டிருந்த தூளைத் தொடவே இல்லை. நகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே போய், மஞ்சளும் நல்ல நகமும் சந்திக்கும் இடத்துக்குக் கிட்டத்தில் இருந்துதான் எடுத்தார். உயிரோடு இருக்கும் பூஞ்சை அங்கேதான் இருக்குமாம், நுனியில் இருப்பது செத்த குப்பை.

என் முதல் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தது. அதுவும் நடக்கக்கூடியதே. அதற்கு முன் நான் ஏதேதோ களிம்பு பூசியிருந்தேன், அப்படிப் பூசியிருந்தால் பூஞ்சை இருந்தும் தெரியாமல் போகும். எல்லாவற்றையும் சில வாரம் நிறுத்திவிட்டு வரச் சொன்னார்கள். நகத்துண்டையே வெட்டி எடுத்துச் சாயம் ஏற்றிப் பார்க்கும் பரிசோதனை இன்னும் நுணுக்கமானது, இரண்டாம் முறை அதைச் செய்தபோது பூஞ்சை என்று உறுதியானது. கணவருக்கு இரண்டு பரிசோதனையிலும் பூஞ்சை இல்லை என்று வந்தது. காலை எட்டு மணிக்கு மாட்டிய ஷூவை இரவு எட்டு மணிக்குக் கழற்றுகிறவர் அவர், நகத்தையும் நீளமாக விட்டுவிடுவார். நடக்கும் ஒவ்வொரு அடிக்கும் நகம் ஷூவின் முனையில் முட்டி முட்டித் தூக்கிக்கொண்டிருக்கிறது. அரை அளவு பெரிய ஷூ, குட்டையாக வெட்டிய நகம், அவருக்கு வைத்தியம் அவ்வளவுதான். பரிசோதனை இல்லாமல் போயிருந்தால் அவரும் மூன்று மாதம் மாத்திரை விழுங்கியிருப்பார். (இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன்: அடி ஒன்றும் படாமலே நகத்தில் ஒரு கருங்கோடு தோன்றி, அது அகலமாகிக்கொண்டு வந்தாலோ, நகத்தைச் சுற்றியிருக்கும் தோலுக்கும் கருமை இறங்கினாலோ, சொத்தை என்று விடாமல் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். அரிதாக அது தோல் புற்றுநோயாக இருக்கலாம்.)

சரி, பூஞ்சை என்று உறுதியாகிவிட்டது. பெரும்பாலும் ட்ரைக்கோஃபைட்டான் ரூப்ரம் என்ற ஒரு வகைதான் இந்த வேலையைச் செய்வது. விரலிடுக்கில் வெள்ளையாக ஊறி அரிக்கும் சேற்றுப்புண்ணுக்கும் பல நேரம் அதே பூஞ்சைதான் காரணம். அங்கே தொடங்கி நகத்துக்கு ஏறுகிறது. நகம் கெட்டியான ஓடு, அதன் அடியில் போய் உட்கார்ந்துகொண்டால் மேலே பூசுவது எதுவும் எளிதில் எட்டாது. அப்புறம், கால் நகம் வளரும் வேகம் மாதத்துக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். கட்டைவிரல் நகம் அடியிலிருந்து நுனிவரை புதிதாக வளர 12 முதல் 18 மாதம் ஆகும். மருந்து பூஞ்சையைக் கொல்லும், ஆனால் கெட்டுப்போன நகத்தைச் சரிசெய்யாது. அது வளர்ந்து, வெட்டுப்பட்டு, வெளியேறித்தான் ஆக வேண்டும். 'ஒரு மாதம் பூசினேன், ஒன்றும் ஆகவில்லை' என்று நிறுத்துகிறவர்கள் மருந்தைச் சோதிக்கவே இல்லை என்றுதான் சொல்வேன்.

கைவைத்தியத்தில் தொடங்குகிறேன், எல்லா வீட்டிலும் அங்கேதான் தொடங்குகிறது. அம்மா பல வருடமாக மருதாணி அரைத்துக் கட்டைவிரலில் தொப்பி மாதிரி அப்பிக்கொள்வார். கொஞ்சம் மஞ்சளும் சேர்ப்பார். மருதாணிக்குச் சிவப்பைக் கொடுக்கும் பொருளுக்குப் பூஞ்சையை அடக்கும் குணம் இருப்பதை ஆய்வுக்கூடங்களில் பார்த்திருக்கிறார்கள், அதனால் நம் பாட்டிமார் சும்மா சொல்லவில்லை. சேற்றுப்புண்ணில் எரிச்சல் அடங்கி இதமாக இருப்பதை நானே அனுபவித்திருக்கிறேன். ஆனால் தோல் வேறு, நகம் வேறு. தடித்த நகத்துக்கு அடியில் மருதாணியின் சத்து போய்ச் சேர வழியில்லை. அதோடு நகமே செக்கச்செவேல் என்று ஆகிவிடுவதால், மஞ்சள் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று டாக்டருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அம்மாவின் ஐந்து நகமும் அந்தச் சிவப்புக்கு அடியில்தான் கெட்டுப்போனது.

வேப்பெண்ணெய், வினிகர், பூண்டு எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். தேயிலை மர எண்ணெய் என்று கடையில் விற்பதை 1994ல் ஒரு ஆய்வில் குளோட்ரிமசோல் என்ற பூஞ்சை மருந்தின் கரைசலோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு பலன். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் குளோட்ரிமசோலே நகத்துக்கு வலுவான மருந்து கிடையாது. விக்ஸ் தடவிப் பார்த்த ஒரு சின்ன ஆய்வும் உண்டு: 2011ல் வெளிவந்தது, 18 பேர், 48 வாரம், அதில் ஐந்து பேருக்கு முழுதாகக் குணம். பதினெட்டுப் பேரை வைத்துப் பெரிதாக எதையும் சொல்ல முடியாது. ஆனாலும் நுனியில் மட்டும் லேசாக இருக்கிறது, வேறு நோய் எதுவும் இல்லை, மருந்துக்கு இப்போது மனமில்லை என்கிறவர்கள் தினமும் விக்ஸ் தடவிப் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சர்க்கரை உள்ளவர்களிடம் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: சுடுதண்ணீரில் காலை ஊறவைப்பது, வினிகரில் அமிழ்த்துவது, பிளேடால் நகத்தைச் சீவுவது எதுவும் வேண்டாம். கால் மரத்திருந்தால் சுட்டதும் தெரியாது, வெட்டியதும் தெரியாது.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் களிம்பு கைவைத்தியத்தைவிட மோசமாக முடியலாம், அதுவும் எங்கள் வீட்டில் நடந்தது. எங்கள் தெருவுக்கு அருகே உள்ள ஒரு கடையில், விரலிடுக்கில் அரிக்கிறது என்று சொல்லி நான் வாங்கிய ட்யூபில் பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்திருந்தது. இரண்டே நாளில் அரிப்பு போய்விட்டது, சிவப்பும் அடங்கியது. பிரமாதமான மருந்து என்று பக்கத்து வீட்டுக்கும் சொன்னேன். ஸ்டீராய்டு செய்வது தோலின் எதிர்ப்பை அடக்குவது, அந்த அமைதியில் பூஞ்சை சாவகாசமாகப் பரவுகிறது. மூன்று மாதத்தில் பாதத்தின் மேல்புறம்வரை வந்துவிட்டது. ட்யூபில் குளோபிடசால், பீட்டாமெத்தசோன் என்று எழுதியிருந்தால் பூஞ்சைக்கு வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

இனி, நகத்துக்கென்றே இருக்கும் பூச்சு மருந்துகள். நெயில் பாலிஷ் மாதிரி சின்னக் குப்பியில் வரும். அமோரோல்ஃபின் 5 சதவீதம், வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு முறை. சைக்ளோபிராக்ஸ் 8 சதவீதம், தினமும். 2014ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எஃபினகோனசோல் 10 சதவீதம், அதுவும் தினமும், 48 வாரம். பலன் எவ்வளவு என்பதில் மனதைத் திறந்து பேச வேண்டும். ஆய்வுகளில் இரண்டு விதமாகக் கணக்குச் சொல்வார்கள். பூஞ்சை செத்துவிட்டதா என்பது ஒன்று, பூஞ்சையும் செத்து நகமும் முழுக்கத் தெளிந்ததா என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது, கடினமான அளவுகோலில் சைக்ளோபிராக்ஸுக்கு நூற்றுக்கு 5 முதல் 8 பேர்தான் தேறினார்கள். எஃபினகோனசோலில் 15 முதல் 18 பேர். குறைவுதான். ஆனால் ரத்தத்தில் ஏறக்குறைய எதுவும் கலப்பதில்லை, வேறு மாத்திரையோடு சண்டை போடுவதில்லை, ஈரலைத் தொடுவதில்லை. பிரிட்டனில் அமோரோல்ஃபின் பூச்சை, ஒன்றிரண்டு நகத்தில் லேசாக இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமலே கடையில் வாங்கலாம். அந்த அளவு பாதுகாப்பானது.

எனக்கு டாக்டர் எழுதியது அமோரோல்ஃபின். ஒரே நகம், நுனியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு, அடிப்பகுதி சுத்தமாக இருந்தது. பூச்சுக்கு ஏற்ற நகம் இதுதான். பாதிக்கு மேல் ஏறிவிட்டாலோ, அடிவரை போய்விட்டாலோ, ஓரமாக நீளக்கோடு மாதிரி மஞ்சள் ஓடினாலோ, நகம் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் தடித்துவிட்டாலோ பூச்சு மட்டும் போதாது.

என் அனுபவத்தில் பாதி வேலையை மருந்து செய்தது, மீதியை அரம் செய்தது. ஞாயிற்றுக்கிழமை இரவு, எல்லோரும் சாப்பிட்ட பிறகு, பால்கனியில் பழைய செய்தித்தாளை விரித்து உட்காருவேன். மூக்கில் மாஸ்க். அட்டையில் மணற்காகிதம் ஒட்டிய மலிவான அரம் ஒரு கட்டு வாங்கி வைத்திருந்தேன், நல்ல நகத்துக்கு அதை எடுக்கவே மாட்டேன், தேய்ந்ததும் குப்பைக்குப் போகும். மஞ்சள் பகுதியை மட்டும் ஒரே திசையில் மெதுவாக ராவ வேண்டும். பொருபொருவென்று தூள் விழும், முடி கருகின மாதிரி ஒரு மெல்லிய வாடை எழும். நகம் காகிதம் மாதிரி மெலிந்து, அழுத்தினால் லேசாக வளையும் இடம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். பிறகு ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, பூச்சைத் தடவி, ஐந்து நிமிடம் விசிறியடியில் காலை நீட்டிக்கொண்டு உட்காருவேன். முதல் நாளே நல்ல நகமும் மஞ்சளும் சந்திக்கும் எல்லையில் அரத்தின் விளிம்பால் ஒரு சின்னக் கோடு கீறி வைத்தேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் கோடு ஓர் அரிசியின் தடிமன் அளவு நுனியை நோக்கி நகர்ந்திருந்தது, அதற்குப் பின்னால் வளர்ந்தது எல்லாம் ரோஜா நிறத்தில். அன்றைக்கு வந்த நம்பிக்கைதான் என்னை அடுத்த பத்து மாதம் ஓட்டியது. பதினோராவது மாதம் மஞ்சளின் கடைசித் துண்டை வெட்டிப் போட்டேன். அதுவரை நெயில் பாலிஷைத் தொடவில்லை.

அம்மாவின் கதை இப்படி நேராகப் போகவில்லை. 67 வயது, பதினைந்து வருடமாகச் சர்க்கரை. "விடுடி, நகம்தானே, வலிக்கவா செய்யுது" என்பதுதான் அவர் பதில். வலிக்காமல் இருப்பதுதான் எனக்குப் பயம். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தடித்த நகம், அடியில் இருக்கும் சதையை அழுத்தி அழுத்திப் புண் ஆக்கும், பக்கத்து விரலைக் குத்தும், விரலிடுக்குப் பூஞ்சையில் வரும் வெடிப்பு வழியாகக் கிருமி ஏறிக் கால் வீங்கும். அழகுப் பிரச்சினை என்று என் நகத்தைச் சொல்லலாம், அம்மாவின் நகத்தைச் சொல்ல முடியாது. ஐந்து நகம், அடிவரை ஏறியது, தடிப்பு வேறு. பூச்சு மட்டும் போதாது, மாத்திரை வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மாத்திரையில் மூன்று பேர் முன்னணியில். டெர்பினாஃபின் 250 மில்லிகிராம் தினமும் ஒன்று, கால் நகத்துக்கு 12 வாரம். இட்ராகோனசோல் 200 மில்லிகிராம் தினமும் 12 வாரம், அல்லது மாதத்தில் ஒரு வாரம் மட்டும் காலையும் மாலையும் என்று மூன்று மாதம். ஃப்ளூகோனசோல் வாரம் ஒரு முறை, புது நகம் வளரும்வரை, அதாவது ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம். கிரைசியோஃபுல்வின் பழைய காலத்து மருந்து, ஒரு வருடத்துக்கு மேல் சாப்பிட்டும் பலன் குறைவு. கீட்டோகோனசோல் மாத்திரையை யாராவது நகத்துக்குக் கொடுத்தால் வாங்காதீர்கள். ஈரலைக் கெடுப்பதால் 2013லேயே அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எச்சரித்துவிட்டார்கள்.

பலத்தில் டெர்பினாஃபின்தான் முதலிடம். அந்தக் கடினமான அளவுகோலில், நகம் முழுக்கத் தெளிந்தவர்கள் நூற்றுக்கு 38, இட்ராகோனசோலில் 14. பூஞ்சை செத்தது என்ற கணக்கில் டெர்பினாஃபினுக்கு 70, இட்ராகோனசோலுக்கு 54. இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஐரோப்பிய ஆய்வு 1999ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. 12 வாரம் டெர்பினாஃபின் சாப்பிட்டவர்களில், 72ஆம் வாரத்தில், நூற்றுக்கு 76 பேருக்குப் பூஞ்சை இல்லை. மாதம் ஒரு வாரம் என்று இட்ராகோனசோல் சாப்பிட்டவர்களில் 38 பேருக்குத்தான் இல்லை.

ஆனால் அம்மாவுக்கு எது என்பதை முடிவு செய்தது இந்த எண்கள் இல்லை, அவருடைய மாத்திரை டப்பா. டாக்டர் அதைத் திறந்து மேஜையில் கொட்டச் சொன்னார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு, பிரஷருக்கு அம்லோடிபின், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாடின். ஒவ்வொரு பட்டையாக எடுத்து ஒதுக்கிக்கொண்டே பேசினார். இட்ராகோனசோல் கொடுத்தால் அட்டோர்வாஸ்டாடின் ரத்தத்தில் ஏறும், தசை வலி வரலாம். அம்லோடிபினும் ஏறும், கால் வீங்கும். இதயம் பலவீனமாக இருப்பவர்களுக்கு இட்ராகோனசோல் கூடவே கூடாது. வயிற்று எரிச்சலுக்கு மாத்திரை சாப்பிட்டால் அந்த கேப்ஸ்யூல் உடம்பில் சேரவும் சேராது. ஃப்ளூகோனசோல் கொடுத்தால் கிளிமெபிரைடின் வேகம் கூடிச் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடலாம். டெர்பினாஃபினுக்கு இந்த டப்பாவில் எதனோடும் பெரிய பகை இல்லை. இதே டப்பாவில் பிரஷருக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் மெட்டோபிரலாலோ, மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளோ இருந்திருந்தால் டெர்பினாஃபினுக்கும் யோசித்திருப்பேன் என்றார். ஆக, பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரை நமக்கும் கேட்கும் என்பதில்லை, ஆபத்தாகவும் முடியலாம்.

அப்புறம் ரத்தப் பரிசோதனை. ஈரலுக்கு ஒன்று, கிட்னிக்குக் கிரியாட்டினின். டெர்பினாஃபினால் ஈரல் கெடுவது மிக அரிது, பல்லாயிரம் பேரில் ஒருவருக்கு. ஏற்கெனவே ஈரல் நோய் உள்ளவர்களுக்கு இது கொடுப்பதில்லை, கிட்னி வேலை பாதியாகக் குறைந்திருந்தாலும் தவிர்ப்பார்கள். பசி அறவே போவது, சிறுநீர் டீ நிறத்தில் வருவது, கண் மஞ்சளாவது, இதில் எது வந்தாலும் அன்றே நிறுத்திவிட்டு வரச் சொல்லி எழுதிக் கொடுத்தார்கள். பிள்ளை உண்டாகியிருப்பவர்களுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் நகத்துக்காக இந்த மாத்திரை எதுவும் வேண்டாம், நகம் காத்திருக்கும்.

எட்டாவது வாரம் அம்மா ரசத்தை ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பே போடலியா?" என்றார். போட்டிருந்தேன். மறுநாள் காபி மாத்திரை மாதிரிக் கசக்கிறது என்றார். அதற்கு மறுநாள் சாதம் மண் மாதிரி இருக்கிறதென்று பாதியில் எழுந்துவிட்டார். நாக்குச் செத்துப்போவது டெர்பினாஃபினுக்குத் தெரிந்த பக்கவிளைவு. அதிகம் பேருக்கு வருவதில்லை, வந்தால் நிறுத்திவிட வேண்டும், சிலருக்குத் திரும்பி வர மாதங்கள் ஆகும். நிறுத்தினோம். சாப்பாடு பிடிக்காமல் ஒரு சர்க்கரை நோயாளி இரண்டு வாரம் எப்படி இருப்பார் என்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், நான்கு வேளை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, சர்க்கரையைத் தினமும் குத்திப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். இரண்டு மாதத்தில் ருசி திரும்பியது. "இன்னைக்குத்தான்டி வத்தக்குழம்பு வத்தக்குழம்பா இருக்கு" என்று அவர் சொன்ன மதியம் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எட்டு வாரம் சாப்பிட்டது வீண் போகவில்லை. டெர்பினாஃபின் நகத்தில் போய்ப் படிந்து, நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் தங்கி வேலை செய்யும். கூடவே அமோரோல்ஃபின் பூச்சும் அரமும் தொடங்கினோம். அரம் பிடிப்பது நானோ, மருத்துவமனையில் பாதப் பிரிவில் இருப்பவரோ, அம்மா கையில் கொடுப்பதில்லை. ஒரு வருடத்தில் சின்ன விரல்கள் மூன்றும் தெளிந்துவிட்டன, இடது கட்டைவிரல் முக்கால்வாசி. மாத்திரையும் பூச்சும் சேர்ந்து போவது, மாத்திரை மட்டும் என்பதைவிடத் தடித்த நகத்துக்கு நல்லது என்பது எங்கள் வீட்டு அனுபவம், பல தோல் மருத்துவர்கள் செய்வதும் அதுதான்.

நம் நாட்டில் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது. படர்தாமரை எந்த மருந்துக்கும் அடங்காமல் குடும்பம் குடும்பமாகச் சுற்றுவதைச் சில வருடமாகப் பார்க்கிறோம். டெர்பினாஃபினுக்கு அசையாத ஒரு வகைப் பூஞ்சை இங்கே பரவியிருக்கிறது, 2020ல் அதற்கு வைத்த பெயரிலேயே இந்தியா இருக்கிறது: ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே. அது அதிகமாக வருவது தோலில்தான். இருந்தாலும் இடுப்பிலும் தொடையிலும் படர்தாமரை இருந்தால் நகத்தைக் காட்டும்போது அதையும் சொல்லிவிடுங்கள், மருந்து மாறலாம். ஒரு பட்டை வாங்கிச் சாப்பிட்டு, பாதியில் விட்டு, மறுபடி வாங்குவதைப் போலக் கெடுதல் வேறில்லை.

லேசர் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. வலி இல்லை, மாத்திரை இல்லை என்று விளம்பரம் வருகிறது. அமெரிக்காவில் இந்தக் கருவிகளுக்குக் கொடுத்த அனுமதியே 'தெளிந்த நகம் தற்காலிகமாகக் கூடும்' என்ற அளவுக்குத்தான், குணமாகும் என்று இல்லை. ஒவ்வொரு அமர்வுக்கும் பணம். அந்தப் பணத்தில் பரிசோதனை, மாத்திரை, பூச்சு எல்லாம் முடிந்துவிடும். நகத்தையே பிடுங்கி எடுப்பதும் தனியாகச் செய்தால் பயனில்லை, புது நகத்திலும் பூஞ்சை ஏறிக்கொள்ளும். யூரியா 40 சதவீதக் களிம்பைப் பூசி மூடிவைத்து, கெட்ட நகத்தை மட்டும் ஊறவைத்து எடுப்பது கத்தியில்லாத வழி, தடித்த நகத்துக்கு அது எனக்குப் பிடித்திருக்கிறது.

பெரியம்மாவுக்கு ஒன்றும் செய்யவில்லை. இதையும் ஒரு வழியாகச் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். 82 வயது, சர்க்கரை இல்லை, வலி இல்லை, இதயத்துக்கும் மூட்டுக்குமாக ஏற்கெனவே ஒன்பது மாத்திரை. அவருடைய நகம் வளரும் வேகத்துக்கு இரண்டு வருடம் பூச வேண்டும். மாதம் ஒரு முறை போகும்போது, குளித்து நகம் ஊறியிருக்கும் நேரம் பார்த்து, பெரிய நகவெட்டியால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, ராவி, விரலிடுக்கில் பூஞ்சைப் பவுடர் போட்டுவிட்டு வருகிறேன். செருப்பு இப்போது உரசுவதில்லை என்கிறார்.

குணமான நகத்தில் மறுபடி வருவது சாதாரணம். என் நகம் தெளிந்த பிறகும் மாதம் இரண்டு முறை பூச்சைத் தொடர்கிறேன். குளித்ததும் விரலிடுக்கைத் துடைக்கத் தனித் துணி, மெட்டிக்கு அடியிலும் சேர்த்து. நகவெட்டி ஆளுக்கொன்று. விரலிடுக்கில் வெள்ளையாகத் தெரிந்த அன்றே பூஞ்சைக் களிம்பு, ஸ்டீராய்டு கலக்காதது. பழைய குளியலறைச் செருப்பு மூன்று ஜோடியையும் தூக்கி எறிந்தேன், கணவர் இரண்டு ஜோடி ஷூவை மாற்றி மாற்றிப் போடுகிறார், ஒன்று வெயிலில் காயும்.

அம்மாவின் வலது கட்டைவிரல் மட்டும் இன்னும் தேறவில்லை. அடியிலிருந்து நல்ல நகம் ஒரு விரல்கடை வந்திருக்கிறது, ஓரத்தில் அந்த மஞ்சள் கோடு அசைய மறுக்கிறது. டெர்பினாஃபினை மறுபடி தொடுவதாக இல்லை. போன வாரம் டாக்டர் யூரியா களிம்பு எழுதிக் கொடுத்தார். இரவில் அந்தக் கோட்டின் மேல் மட்டும் பூசி, பிளாஸ்டர் ஒட்டி விடுகிறேன், சுற்றியிருக்கும் தோலில் படாமல் இருக்க வாசலின் தடவிவிட்டு. இன்று ஆறாம் நாள். காலையில் பிளாஸ்டரைப் பிரித்தபோது அந்த இடம் ஊறின அவல் மாதிரி மெத்தென்று இருந்தது, மழுங்கின குச்சியால் நீவியதும் ஒரு சிலாம்பு கழன்று வந்தது. அம்மா குனிந்து பார்த்தார். "வலிக்கலடி, இன்னும் கொஞ்சம் எடு" என்றார். போதும், மிச்சம் நாளைக்கு என்று புது பிளாஸ்டரை ஒட்டினேன்.